நாடு என்றால் யார்? இரட்டைமலை சீனிவாசன் கேட்ட கேள்வி

கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் நாடு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று தேசம். மற்றொன்று, பல கிராமத்து ஆதிக்கச் சாதிப் பெரியவர்கள் கூடி முடிவெடுக்கும் நாட்டார் கூட்டம். இந்த இரண்டாவது நாட்டில் சேரிக்கு இடமில்லை. முதல் நாட்டிலாவது இடம் உண்டா என்று வாழ்நாள் முழுவதும் கேட்டவர் இரட்டைமலை சீனிவாசன்.

செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர். கோவையில் படித்தபோது, உடன் படித்த சுமார் 400 பேரில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் யாரும் எட்டிப் பிடிக்காதபடி வீட்டுக்கு வேகமாக நடப்பார். 1939-இல் எழுதிய ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார். அயோத்திதாசப் பண்டிதர் அவருடைய சகோதரியின் கணவர்.

1893 அக்டோபரில் சென்னையில் பறையன் என்ற இதழைத் தொடங்கினார். இழிவாக வீசப்பட்ட பெயரையே இதழின் தலைப்பாக வைத்தார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. இந்தியருக்கு அதிகாரம் என்பது நியாயமான கோரிக்கைதான். ஆனால் பள்ளிக்கூட வாசலே பலருக்கு மூடியிருந்த காலத்தில், தேர்வு இங்கே நடந்தால் நாற்காலியில் யார் உட்காருவார்கள்? சேரி மக்கள் 3,412 பேரின் கையெழுத்துடன் 112 அடி நீள மனுவைத் தயாரித்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்.

பிறகு தென்னாப்பிரிக்கா சென்று பல ஆண்டுகள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1921-இல் திரும்பி, சென்னை சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்று 1924-இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறி அரசாணையாகவும் வந்தது.

ஆனால் ஆணை வேறு, ஊர் வேறு. 1930 டிசம்பரில், இன்றைய சிவகங்கை மாவட்டமும் அடங்கிய அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்த 1930 டிசம்பரில் சீனிவாசன் இலண்டனில் இருந்தார். முதல் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் அவரும் சேர்ந்து கொடுத்த கோரிக்கை மனுவில் சமக் குடியுரிமை, வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை, தனித்தொகுதி ஆகியவை இருந்தன. சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்பதும் இருந்தது. இங்கே நடந்துகொண்டிருந்த கொடுமைக்கு அங்கே கேட்கப்பட்ட மருந்து அது.

1931-இல் நடந்த இரண்டாவது மாநாட்டில், தீண்டப்படாதார் உட்பட இந்தியா முழுமைக்கும் காங்கிரசே பிரதிநிதி என்றார் காந்தி. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு தனித்தொகுதி வழங்கியதும் அதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம். 71 இடங்கள் 148 ஆயின; சென்னை மாகாணத்துக்கு 30. ஆனால் அந்த உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் கடைசி வாக்கு பெரும்பான்மையின் கைக்குப் போனது. ஒப்பந்தத்தில் சீனிவாசனின் கையெழுத்தும் உண்டு.

வெள்ளையரிடம் மனுக் கொடுத்தார், பட்டங்கள் பெற்றார் என்று அவரைக் குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. அவர் விடுதலையை மறுக்கவில்லை. வந்த விடுதலை நாட்டார் கையில் மட்டும் நின்றுவிடக் கூடாது என்றார்.

1945 செப்டம்பர் 18-இல் அவர் இறந்தார். மூன்றே ஆண்டுகளில், சுதந்திரம் பெற்ற இலங்கை ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெரும்பான்மையின் பெயரால் வந்த அந்தக் குடியுரிமைச் சட்டம், ஏறத்தாழ 7 லட்சம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. நம் வறண்ட கிராமங்களிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தலித் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் அடக்கம். பெரும்பான்மை மட்டுமே நாடு என்றானால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

தேவகோட்டை அருகே கண்டதேவித் தேர் வடத்தைத் தொடும் உரிமைக்காக நம் மக்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் நின்றுபோன அந்தத் தேர் 2024 ஜூனில்தான் மீண்டும் ஓடியது. இனி கிராமசபையிலோ கோயில் கூட்டத்திலோ இது ஊர் முடிவு என்று யாராவது சொன்னால், அந்தக் கூட்டத்தில் சேரியிலிருந்து யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேளுங்கள். சீனிவாசன் இலண்டன் வரை போய்க் கேட்டது அதைத்தான்.