தன்னைத் தானே விசாரித்த சக்கரவர்த்தி

பொசொன் போயா தினத்தில் மிகிந்தலைக் குன்றை நோக்கிப் பக்தர்கள் பெருந்திரளாகச் செல்வது ஆண்டுதோறும் நாம் காணும் காட்சியாகும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மகிந்த தேரர் இத்தீவுக்கு வருகை தந்து, தேவநம்பியதீச மன்னனுக்குப் பௌத்த அறத்தைப் போதித்தமையை நினைவுகூரும் தினம் அது. பாளி வரலாற்று நூல்களின்படி மகிந்த தேரரின் தந்தை அசோகச் சக்கரவர்த்தி. அவரது பெயரை அறியாதோர் நம்மிடையே இலர். சாலையோரங்களில் மரம் நாட்டியவர், கிணறு தோண்டுவித்தவர், போரை வெறுத்தவர் என்றே பாடசாலைப் புத்தகங்கள் அவரை நமக்கு அறிமுகஞ் செய்துள்ளன. ஆயினும், மரம் நாட்டுவதிலும் கடினமான காரியமொன்றை அவர் செய்தார். தமது செயல்களைத் தாமே விசாரித்து, அவ்விசாரணையின் முடிவை உலகறியக் கல்லில் பொறிப்பித்தார். அவரது வாழ்வை அந்தக் கோணத்தில் நோக்குவது இன்றும் பயன் தருவதாகும் என்பது நமது கருத்து.

மௌரியப் பேரரசை நிறுவிய சந்திரகுப்தரின் பேரனும் பிந்துசாரரின் மகனுமான அசோகர், கி.மு. 268 அளவில் பாடலிபுத்திரத்தில் முடிசூடினார். இன்றைய பீகாரின் தலைநகரான பாட்னாவே அன்றைய பாடலிபுத்திரம். அவர் தமது சகோதரர் தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்று அரியணை ஏறினார் என்றும், அதனால் சண்டாசோகன் எனப் பெயர் பெற்றார் என்றும் மரபுக் கதைகள் கூறுகின்றன. ஆனால், அவரது கல்வெட்டொன்று சகோதர சகோதரிகளின் இல்லங்களைக் கவனிக்க அதிகாரிகள் நியமிக்கப்பட்டமையைக் குறிப்பிடுகின்றது. ஆதலால் அக்கதையை வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்பதில்லை. கொடியவர் ஒருவர் ஒரே நாளில் புனிதராக மாறினார் என்று காட்டுவதற்காக அக்கதை பெருக்கப்பட்டிருக்கலாம். கல்வெட்டுகளில் நாம் சந்திக்கும் அசோகர் ஒரே நாளில் மாறியவர் அல்லர்.

முடிசூடி எட்டு ஆண்டுகள் கழிந்த நிலையில், இன்றைய ஒடிசாப் பகுதியான கலிங்கத்தின் மீது அவர் படையெடுத்து வெற்றி கண்டார். பண்டைய அரசர்கள் வெற்றியைப் பாடுவித்துள்ளனர், தூண் நாட்டியுள்ளனர், பட்டப்பெயர் சூடியுள்ளனர். அசோகரோ தமது 13ஆவது பெரும்பாறைக் கல்வெட்டில் அந்த வெற்றியின் விலையைக் கணக்கிட்டுக் காட்டினார். 1,50,000 பேர் அங்கிருந்து கொண்டு செல்லப்பட்டனர், 1,00,000 பேர் கொல்லப்பட்டனர், அதனிலும் பன்மடங்கினர் மடிந்தனர் என்பது அவரே வெளியிட்ட கணக்கு. போரில் நேரடியாகத் தாக்கப்படாமல் உயிர் தப்பியோரும், தமது உற்றார் நண்பர்களுக்கு நேர்ந்த துன்பத்தால் துன்புற்றனர் என்பதையும் அவர் பதிவு செய்தார். அந்த இழப்பின் நூறிலொரு பங்கோ ஆயிரத்திலொரு பங்கோ இனி நேரினும் அது தமக்கு வேதனை தருவதாகும் எனவும் அறிவித்தார்.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது யாதெனில், இந்த எண்ணிக்கையைத் தோற்றவர்கள் எழுதவில்லை. வென்றவரே எழுதினார் என்பதாகும். அதனை எழுதுமாறு அவரை நிர்ப்பந்திக்க எந்த நீதிமன்றமும் இருக்கவில்லை. எந்த அயல் வல்லரசும் இருக்கவில்லை. மௌனமாக இருந்திருந்தால், கலிங்கத்தின் இறந்தோர் பற்றி இன்று நமக்கு எதுவுமே தெரிந்திராது.

மனமாற்றம் என்பது விளக்கேற்றியதும் இருள் விலகுவது போன்ற காரியமன்று என்பதை அவரது சிறுபாறைக் கல்வெட்டுகள் உணர்த்துகின்றன. பௌத்த உபாசகராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாகியும், தொடக்கத்தில் ஏறத்தாழ ஓராண்டு காலம் தாம் போதிய முயற்சி எடுக்கவில்லை என்றும், பின்னர் சங்கத்தை அணுகியதன் பின்பே ஊக்கங் கொண்டதாகவும் அவர் அவற்றில் கூறுகின்றார். அரண்மனைச் சமையலறை பற்றிய முதலாவது பெரும்பாறைக் கல்வெட்டும் இத்தகையதே. முன்னர் நாள்தோறும் இலட்சக்கணக்கான உயிர்கள் அங்கு கொல்லப்பட்டன. இப்போது இரண்டு மயில்களும் ஒரு மானும் மாத்திரமே. அந்த மானும் எந்நாளும் இல்லை. இனி இம்மூன்றும் கொல்லப்படமாட்டா என்று அது தெரிவிக்கின்றது. கொலையை முற்றாக நிறுத்திவிட்டேன் என்று எழுதுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். மறுத்துரைக்க எவரும் துணிந்திருக்கமாட்டார். இருந்தும், இன்னும் எஞ்சியுள்ள மூன்று உயிர்களையும் அவர் கணக்கிலிருந்து மறைக்கவில்லை.

இந்தப் பழக்கத்தின் ஊற்றுக்கண் எது என்பதற்கும் அவரே தடயம் விட்டுச் சென்றுள்ளார். இராஜஸ்தானின் வைராட் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டொன்றில், பிக்குகளும் பிக்குணிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டும் எனத் தாம் விரும்பும் ஏழு அறவுரைகளை அவர் பெயர் குறித்துள்ளார். அவற்றுள் ஒன்று, பொய்யுரைத்தல் தொடர்பாகப் புத்தர் தமது மகன் இராகுலனுக்கு வழங்கிய உபதேசமாகும். பாளித் திரிபிடகத்தில் இன்றும் உள்ள அவ்வுபதேசத்தில் புத்தர் கண்ணாடியை உவமையாக எடுத்துக்கொள்கின்றார். முகத்தைப் பார்ப்பதற்குக் கண்ணாடி இருப்பது போல, செயலையும் சொல்லையும் எண்ணத்தையும் பார்ப்பதற்கு மனிதனுக்குச் சிந்தனை உண்டு. ஒன்றைச் செய்வதற்கு முன்னரும், செய்யும்போதும், செய்த பின்னரும், அது தனக்கோ பிறருக்கோ தீங்கு தருமா எனப் பார்க்க வேண்டும். தீங்கெனக் கண்டால் நிறுத்த வேண்டும். செய்து முடித்திருந்தால் ஆசிரியரிடமோ அறிவுடைய தோழரிடமோ அதனை வெளிப்படுத்தி, இனிச் செய்யாதிருக்க உறுதி பூண வேண்டும். நன்றெனக் கண்டால் மகிழ்ந்து, இரவும் பகலும் அந்நெறியிலேயே பழக வேண்டும். ஒரு சிறுவனுக்குச் சொல்லப்பட்ட இவ்வறிவுரையைப் பேரரசர் ஒருவர் தமக்கும் உரியதெனக் கொண்டார் என்பது சிந்தனைக்குரியது.

முடிசூடி 26 ஆண்டுகள் கடந்த காலத்தைச் சேர்ந்த தூண் கல்வெட்டுகளில் இதே சிந்தனை முதிர்ச்சியடைந்து காணப்படுகின்றது. மனிதன் தான் செய்த நன்மையை மாத்திரம் காண்கின்றான், தான் செய்த தீமையை அவன் காண்பதில்லை என்பது மூன்றாவது தூண் கல்வெட்டின் சாரம். தன்னை இவ்வாறு சோதிப்பது கடினம் என்பதையும் அது ஒப்புக்கொள்கின்றது. மூர்க்கம், கொடுமை, கோபம், கர்வம், பொறாமை ஆகியவை மனிதனைப் பாவத்தில் வீழ்த்துவன என நிரற்படுத்துகின்றது. ஆட்சியின் கால் நூற்றாண்டைத் தாண்டிய ஒருவர் இதனை எழுதுவித்தார் என்பதிலிருந்து, கலிங்கத்துடன் அவரது விசாரணை முடிந்துவிடவில்லை என்பதை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

தற்சோதனையின் மறுபக்கம் நன்றியுணர்வாகும். தன் குறையைக் காணாதவனுக்குப் பிறர் தனக்குச் செய்த நிறையும் தெரிவதில்லை. அசோகர் நன்றியைத் துதிமொழியாக அன்றிக் கடனாகவே கருதினார். தாம் உண்ணும் வேளையிலோ, அந்தப்புரத்திலோ, பூங்காவிலோ எங்கிருப்பினும் மக்களின் அலுவல்களை அவ்வப்போதே தமக்கு அறிவிக்க வேண்டும் என ஆறாவது பெரும்பாறைக் கல்வெட்டில் அவர் ஆணையிட்டார். அதற்கு அவர் கூறிய காரணம், உயிர்களுக்குத் தாம் பட்ட கடனை அடைக்க வேண்டும் என்பதாகும். மக்கள் மன்னனுக்குக் கடன்பட்டவர்கள் என்று எங்கும் எண்ணப்பட்ட காலத்தில், மன்னன் மக்களுக்குக் கடன்பட்டவன் என்ற கருத்து புதுமையானது எனலாம்.

நோய், திருமணம், பிள்ளைப்பேறு, பயணம் ஆகியவற்றின்போது மக்கள் செய்யும் சடங்குகளைப் பற்றியும் அவர் பேசினார். அவை சிறுபயனே தருவன என்றும், அடிமைகளையும் வேலையாட்களையும் முறையாக நடத்துதல், ஆசிரியரை மதித்தல், உயிர்களிடத்தே அடக்கம் பேணல், துறவியருக்கும் அந்தணருக்கும் ஈதல் என்பனவே பெரும்பயன் தரும் சடங்குகள் என்றும் விளக்கினார். ஒவ்வொரு நாளும் நமக்காக உழைப்போரை நாம் எவ்விதம் நடத்துகின்றோம் என்பதே நன்றியின் உரைகல் என்பது இதன் பொருளாகும். முடிசூடி 20 ஆண்டுகள் கழிந்தபின் புத்தர் பிறந்த லும்பினிக்கு அவர் யாத்திரை சென்றபோதும், தூண் நாட்டுவதோடு அமையாது, அவ்வூர் மக்களின் வரியை நீக்கி, விளைச்சலில் அரசுக்குரிய பங்கையும் எட்டிலொன்றாக்கினார். தம் ஆசானுக்கான நன்றியை அவ்வூர் உழவரின் சுமையைக் குறைத்துச் செலுத்தினார்.

இவ்வளவும் கூறிய நாம், அவரது கண்ணாடியில் படிந்திருந்த மாசினையும் கூறாது விடுதல் முறையாகாது. கலிங்கப் போர் பற்றிய அந்தப் புகழ்பெற்ற கல்வெட்டு கிர்னார், கால்சி, எர்ரகுடி, ஷாபாஸ்கர்ஹி போன்ற தொலைவிடங்களில் காணப்படுகின்றது. ஆனால், கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகட ஆகிய இடங்களில் அது இல்லை. கொல்லப்பட்டோரின் உறவினர் வாழ்ந்த மண்ணில் அவ்வருத்தம் வாசிக்கப்படவில்லை. கொண்டு செல்லப்பட்ட ஒன்றரை இலட்சம் மக்கள் திருப்பி அனுப்பப்பட்டதாகவும் எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. கானகவாசிகளுக்கு மன்னிப்பை வாக்களித்த அதே வேளையில், தண்டிக்கும் வலிமை தம்மிடம் உண்டு என்பதையும் நினைவூட்டத் தவறவில்லை. கலிங்கம் பேரரசின் மாகாணமாகவே நீடித்தது.

எனினும், கலிங்க மக்களை அவர் அடியோடு மறந்தார் என்றும் கூறிவிட முடியாது. தௌலியிலும் ஜௌகடத்திலும் வேறு இரு கல்வெட்டுகளைப் பொறிப்பித்தார். மக்கள் அனைவரும் தம் பிள்ளைகள் என்று அவற்றில் அறிவித்தார். காரணமின்றி எவரும் சிறையிடப்படவோ வதைக்கப்படவோ கூடாதென அதிகாரிகளைப் பணித்தார். பொறாமை, கோபம், கொடுமை, அவசரம், சோம்பல் போன்ற குறைகள் தம்மிடம் நேராதிருக்க அவர்கள் முயல வேண்டும் என்றும், அவ்வாணை குறித்த நாட்களில் வாசிக்கப்பட வேண்டும் என்றும் விதித்தார். தம்மிடம் தொடங்கிய தற்சோதனையை அரச சேவைக்கும் அவர் விதியாக்கினார் என்பதே இதன் முக்கியத்துவமாகும்.

கி.மு. 232 அளவில் அவர் மறைந்தார். காலப்போக்கில் அவரது எழுத்துகளை வாசிக்கத் தெரிந்தோரும் இல்லாது போயினர். 1837இல் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தை வாசித்தறிந்தபோது, பியதசி என்ற பெயர் யாரைக் குறிக்கின்றது என்பது புதிராயிற்று. அவர் இலங்கை மன்னன் தேவநம்பியதீசனே என்றும் முதலில் எண்ணப்பட்டது. இலங்கைச் சிவில் சேவை அதிகாரியும் பாளி அறிஞருமான ஜோர்ஜ் டேர்னர், தீபவம்சத்தின் துணைகொண்டு பியதசி என்பவர் அசோகரே என நிறுவினார். மறைந்திருந்த அச்சக்கரவர்த்தியை உலகுக்கு அடையாளங் காட்டியதில் இத்தீவுக்கும் பங்குண்டு. அவ்வாறாயின், அவர் காட்டிய கண்ணாடியின் முன் நிற்கும் பொறுப்பும் இத்தீவுக்கு உண்டு.

2009 மே மாதத்தில் முடிவுற்ற நமது நாட்டின் போரில் உயிரிழந்தோர் எத்தனை பேர் என்பதில் இன்றளவும் உடன்பாடில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் பதிலின்றிக் காத்திருக்கின்றனர். ஒவ்வொரு பொசொனிலும் அசோகரின் புகழைப் பேசுவோர், வென்றவரே கணக்குச் சொன்ன அந்தக் கல்வெட்டையும் சேர்த்தே நினைவிற் கொள்ள வேண்டும். அதே வேளையில், கண்ணாடி ஆட்சியாளருக்கு மாத்திரம் உரியதன்று. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் தமது வீடுவாசல்களை விட்டு விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டமையைத் தமிழ்ச் சமூகம் அக்கண்ணாடியில் காணத் தயங்கலாகாது. தன் காயத்தை மாத்திரம் எண்ணி, அடுத்தவர் காயத்தை எண்ணாதிருப்பது, தன் நன்மையை மாத்திரம் காணும் அதே பழைய குறையின் இன்னொரு வடிவமேயாகும்.

தற்சோதனையும் நன்றியும் எந்தவொரு சமயத்தாருக்கும் தனியுரிமையானவை அல்ல. தன்னைத் தானே கணக்குப் பார்க்கும் முஹாஸபாவும், இறைவனுக்குச் செலுத்தும் ஷுக்ரும் முஸ்லிம்கள் நன்கறிந்தவை. செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்தது திருக்குறள். பிற சமயத்தைப் பழித்துத் தன் சமயத்தை உயர்த்துபவன் தன் சமயத்துக்கே தீங்கு செய்கின்றான் என 12ஆவது பெரும்பாறைக் கல்வெட்டில் எழுதுவித்த அசோகரும் இப்பொதுமையை உணர்ந்தவரே.

அவரது வாழ்வு நிறைவானதன்று. நிறைவானதென்று அவரும் உரிமை கோரவில்லை. எஞ்சிய மூன்று உயிர்களையும் கணக்கில் காட்டிய நேர்மையே அவரது பெருமை. நாள் முடிவில் இன்று நாம் யாருக்குக் கடன்பட்டோம், யாருக்குத் தீங்கிழைத்தோம் என்ற இரு வினாக்களையும் தனிமனிதர் தம் வீட்டிலும், சமூகங்கள் தம் மன்றங்களிலும், ஆட்சியாளர் தம் ஆசனங்களிலும் எழுப்ப வேண்டும். அசோகர் செய்யத் தவறியதையும் நாம் செய்தாக வேண்டும். வருத்தம் தொலைதூரப் பாறைகளில் எழுதப்பட்டாற் போதாது. துன்பம் நேர்ந்த மண்ணிலேயே, துன்புற்றவர் செவி கேட்க, அது சொல்லப்பட வேண்டும்.