ஆராய்ந்து தெளிந்த அருணாசலம்

தடுத்தாட்கொண்ட புராணத்தை அறியாத சைவ மாணவர் நம்முள் இலர். மணப்பந்தரில் நம்பியாரூரரை வழிமறித்த முதிய வேதியர், அவர் தமக்கு வழிவழி அடிமையென்று கூறி ஓர் ஓலையைக் காட்டினார். ஆரூரர் சினந்து அதனைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலை, மூலவோலை வேதியர் கையில் இருந்தது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் முதியவர் சொன்னாரென்று நம்பவுமில்லை; இளைஞர் மறுத்தாரென்று தள்ளவுமில்லை. ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். இறைவனே வழக்காடியாக வந்தவிடத்தும் ஆவணத்தை ஆராய்ந்தே முடிவு கண்டனர்.

இப்பண்பைத் தம் வாழ்நாள் முழுவதும் கைக்கொண்ட ஈழத்துப் பெரியார் ஒருவர் உளர். அவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அரசியல் தலைவராகவும் பல்கலைக்கழக இயக்கத்தின் முன்னோடியாகவும் அவரைப் பலர் போற்றுவர். தேயிலை மலைகளின் நடுவே தமிழ் கற்பிக்கும் யான், ஆவணங்களை ஆராய்ந்த அருணாசலத்தையே இம்மலரில் நினைவுகூர விழைகின்றேன்.

அவர் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். குமாரசுவாமியும் இராமநாதனும் அவருடைய தமையன்மார். இன்று றோயல் கல்லூரியென வழங்கும் கொழும்பு அக்கடமியிலும், கேம்பிரிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரியிலும் பயின்றார். போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தி 1875இல் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்தார். அவ்வழியாற் புகுந்த முதல் இலங்கையர் அவரே. நாட்டின் பல பாகங்களிலும் நீதிமன்றப் பதவிகளை வகித்தபோது, வழக்குக்கு வரும் மக்களின் அறியாமையையும், அவ்வறியாமையைக் கொண்டு வாழ்வோரின் தந்திரத்தையும் நேரிற் கண்டார்.

பின்னர்த் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன், மூத்த உத்தியோகத்தர் பலர் இருக்கவும், இவரையே பதிவாளர் நாயகமாக நியமித்தார். உறுதிகளும் பிறப்பு இறப்புகளும் பதியப்படும் அத்திணைக்களம் அக்காலத்திற் சீர்குலைந்து கிடந்தது. காணிப் பதிவிற் கள்ளமும் மலிந்திருந்தது. இங்கே ஒரு நுட்பத்தை நோக்குதல் வேண்டும். ஓர் உறுதி பதியப்பட்டுவிட்டது என்பதனாலேயே அதிற் சொல்லப்பட்ட உரிமை மெய்யாகிவிடாது. ஒரே காணியை இருவருக்கு விற்றவனும் தன் உறுதியைப் பதியலாம். ஆகவே வாங்குவோன் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தல் வேண்டும். தேடுவதற்குப் பதிவேடுகள் ஒழுங்காயிருத்தல் வேண்டும். அருணாசலம் அவ்வொழுங்கை உண்டாக்க உழைத்தார். பொய் உறுதிக்காரனுக்குப் பதிவேட்டின் குழப்பமே புகலிடம் என்பதை உணர்ந்து, அப்புகலிடத்தை அழிக்க முயன்றார்.

1901ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பும் அவருடைய பொறுப்பாயிற்று. இலங்கையின் சனத்தொகை 3,565,954 என்று அது கண்டது. எண்ணிக்கையோடு நில்லாமல், மக்களின் வரலாறு, சமயம், மொழி, வாழ்க்கை ஆகியவற்றையும் ஆராய்ந்து அவர் எழுதிய அறிக்கை இன்றும் ஆய்வாளரால் எடுத்தாளப்படுகின்றது. 1913இற் சேர் பட்டம் பெற்று உத்தியோகத்திலிருந்து இளைப்பாறினார். பிறர் ஓய்வு நாடும் வயதில் அவர் ஏழைகளின் பக்கம் திரும்பினார். 1915இற் சமூகசேவைச் சங்கத்தையும், 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் நிறுவினார். மலையகத்திற் பிறந்து கேம்பிரிட்ஜ் வரை சென்று கற்று, பின்னாளில் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாகி அமைச்சருமான பெரி சுந்தரம் அம்முயற்சியில் அவருக்குத் துணைநின்றார்.

அக்காலத் தோட்டத் தொழிலாளியின் தலைவிதி ஒரு கடதாசியில் அடங்கியிருந்தது. அதற்குத் துண்டு என்று பெயர். இன்ன தொகையைச் செலுத்தினால் இன்னாரை விடுவிப்பேன் என்று தோட்டத்துரை கையெழுத்திட்டுக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதைக் கொண்டு வேறு தோட்டம் தேடுவான். புதிய துரை பழைய கடனைத் தீர்த்து, மேலும் முற்பணம் கொடுப்பான். தோட்டம் மாறுந்தோறும் கடன் வளரும். கடன் யாருடைய பெயரில் வளர்ந்ததோ, அவருக்கு அச்சீட்டிலுள்ள ஓர் எழுத்தும் தெரியாது. வந்த வழிச்செலவு எவ்வளவு, அரிசிக்குப் பிடித்தது எவ்வளவு, கங்காணி எழுதிக்கொண்டது எவ்வளவு என்று கேட்பதற்கு அவருக்கு இடமில்லை. கேளாமலே நீங்கினால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி சிறை காத்திருந்தது. ஆரூரருக்கு ஓலையை வாங்கிப் பார்க்க ஒரு சபை இருந்தது. லயத்து மனிதருக்கு அதுவுமில்லை.

நீதவானாயிருந்தவர் சட்டத்தையும், பதிவாளராயிருந்தவர் சீட்டையும் நன்கு அறிவார். உடன்படிக்கையை மீறுதல் ஏனையோர்க்குப் பணத்தாற் தீரும் குடியியல் வழக்காயிருக்க, கூலிக்கு மட்டும் அது சிறைக்குரிய குற்றமாவதேன் என்பதே வினா. அத்தண்டனைப் பிரிவுகளை நீக்குமாறு அருணாசலம் அரசினரிடம் விடாது வற்புறுத்தினார். இந்திய அரசின் நெருக்குதலும் உடன்சேர்ந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. தொழிலாளியைச் சிறைக்கனுப்பும் பிரிவுகளும் அக்காலத்திலேயே நீங்கின. வறுமை நீங்கவில்லை, ஆயினும் வாசிக்க முடியாத கடதாசி ஒன்று மனிதரைக் கட்டிவைக்கும் நிலை நீங்கிற்று.

இத்துணை நுணுக்கமுள்ளவரும் ஒருமுறை ஏமாற்றம் கண்டார் என்பதை மறைத்தல் முறையன்று. மேல்மாகாணத் தமிழர்க்கு ஓர் ஆசனம் கிடைக்க ஆதரவளிப்பதாக ஜேம்ஸ் பீரிசும் இ. ஜே. சமரவிக்கிரமவும் 1918 டிசம்பரில் எழுத்து மூலம் வாக்களித்தனர். அதை நம்பி அருணாசலம் யாழ்ப்பாணத்தாரையும் இணங்குவித்து, 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் தலைவரானார். 1921இல் அவ்வாக்கு நிறைவேறவில்லை. மனம் வருந்திய அவர் காங்கிரசை விட்டு நீங்கினார். வாக்களித்தவர் இருவர், நிறைவேற்ற வேண்டியதோ ஒரு காங்கிரஸ். கடிதம் எழுதப்பட்ட நாளில் அக்காங்கிரஸ் பிறக்கவேயில்லை. ஒப்பமிட்டவர் யாரைக் கட்டுப்படுத்த வல்லவர் என்ற வினா, பிறருடைய ஆவணங்களில் நமக்குத் தெளிவாகத் தோன்றும். நண்பர் கையெழுத்தைக் காணும்போது மறைந்துவிடும். வள்ளுவர் தெரிந்து செயல்வகையை ஒரு தனி அதிகாரமாக வகுத்த காரணம் இதனால் விளங்கும்.

1924 சனவரி 9ஆம் நாள், தலயாத்திரையின்போது, அவர் மதுரையிற் சிவபதமடைந்தார்.

அவர் மறைந்து கால் நூற்றாண்டின் பின், மலையகம் மீண்டும் கடதாசியின் முன் நின்றது. 1948ஆம் ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமை இழந்தோர், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி விண்ணப்பிக்கும்போது, இந்நாட்டிற் தொடர்ந்து வதிந்தமையை ஆவணங்களால் நிறுவ வேண்டியிருந்தது. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்தையும் எட்டவில்லை. சட்டத்தின் கடுமை பெரிது. அதனோடு, பதியாத பிறப்பும், பிழையாக எழுதிய பெயரும், லயத்துக் கூரை ஒழுக்கில் நனைந்தழிந்த சீட்டும் எத்தனை குடும்பங்களை வழக்கிற் தோற்கச் செய்தன! எஞ்சியோர்க்கு முழு உரிமை வர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்றும் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெற்றோர் சிலர், ஏதேனும் ஒரு கடிதத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு என்னிடம் வருவர். எங்கே கையொப்பம் வைக்க வேண்டும் என்பதே அவர்களது முதற் கேள்வி. அதற்கு விடை கூறுமுன் கடிதத்தை முழுவதும் உரக்க வாசிப்பேன். பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றதா என்று பார்ப்போம். பத்து நிமிடம் செல்லும். சில நாட்களில் ஒரு பிழையும் இராது. ஒரு நாள் ஒரு சிறுமியின் பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தது. தாயார் கையொப்பமிடாமலே கடிதத்தைத் திருப்பி எடுத்துச் சென்று, திருத்துவித்து, மறுவாரம் கொண்டுவந்து காட்டினார்.

கல்லூரியிற் கற்ற நம்மிடம் இத்தகையோர் வருங்கால், அந்தப் பத்து நிமிடத்தை மறாது கொடுப்போமாக. அருணாசலம் என்னும் பெரியார்க்கு நாம் செய்யக்கூடிய நினைவுவிழா அதுவே.