யாங் சுவான் குவாங்: அட்டவணை மாறியபோதும் குறையாத உயரம்

தாய்வான் தீவின் கிழக்குக் கரையிலுள்ள தைதுங் பகுதியில், ஆமிஸ் என்னும் பழங்குடியில், 1933 ஆம் ஆண்டு பிறந்தவர் யாங் சுவான் குவாங். அப்போது அத்தீவு யப்பானியரின் ஆட்சியில் இருந்தது. பின்னாளில் ஆசியாவின் இரும்பு மனிதர் எனப் போற்றப்பட்ட இம்மெய்வல்லுநரின் வாழ்வு, புள்ளிக் கணக்குகளோடு வாழப் பழகிவிட்ட எமது வாசகர்களுக்கு மிக நெருக்கமானது.

அவரைப் புகழேணியில் ஏற்றியது பத்து அம்சப் போட்டி. ஓட்டம், தடைதாண்டல், நீளம் பாய்தல், உயரம் பாய்தல், கோலூன்றிப் பாய்தல், குண்டு, தட்டு, ஈட்டி எறிதல் எனப் பத்து நிகழ்ச்சிகள் இரண்டு நாள்களில் நடைபெறும். எவர் முதலாவதாக வந்தார் என்பது இங்கு கணக்கில்லை. ஓடிய நேரமும், பாய்ந்த உயரமும், எறிந்த தூரமும் அட்டவணைப்படி புள்ளிகளாக மாற்றப்படும். அவற்றின் கூட்டுத்தொகையே வெற்றியைத் தீர்மானிக்கும்.

1954 இல் மணிலா ஆசிய விளையாட்டு விழாவில் யாங் தங்கம் வென்றார். 1956 இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் எட்டாம் இடம் பெற்றார். 1958 இல் தோக்கியோ ஆசிய விழாவில் மீண்டும் தங்கம் அவருக்கே. அதே விழாவில்தான் யாழ்ப்பாணம் தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் இலங்கைக்குத் தங்கம் ஈட்டினார். இருவருமே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள் என்பதை எமது இளையோர் அறிதல் நன்று.

1960 ரோம் ஒலிம்பிக்கில் யாங்கின் அணி தான் விரும்பிய பெயரில் அணிவகுக்க அனுமதிக்கப்படவில்லை. போர்மோசா என்ற பெயரே விதிக்கப்பட்டது. அணியினர் எதிர்ப்புப் பதாகை ஏந்தி நடந்தனர். களத்தில் யாங்கின் பெரும் போட்டியாளர் அமெரிக்கரான ரேபர் ஜோன்சன். இருவருக்கும் பயிற்சியாளர் ஒருவரே. பத்தில் ஏழு நிகழ்ச்சிகளில் யாங் ஜோன்சனை விஞ்சினார். ஆயினும் குண்டு, தட்டு, ஈட்டி ஆகிய மூன்று எறிதல்களிலும் ஜோன்சன் சேர்த்த புள்ளிகள் அந்த ஏழையும் மேவின. இறுதி 1500 மீற்றர் ஓட்டத்தில் ஏறத்தாழ 10 செக்கன் இடைவெளி தேவைப்பட்ட யாங்குக்கு 1.2 செக்கனே கிட்டியது. ஜோன்சன் 8392, யாங் 8334. 58 புள்ளிகளால் தங்கம் கைநழுவியது.

1963 ஏப்ரலில் கலிபோர்னியாவின் வால்நட் நகரில் யாங் 9121 புள்ளிகள் பெற்று உலக சாதனை படைத்தார். அக்கால அட்டவணையில் திறன் உயர உயர, ஒரே அளவான முன்னேற்றத்துக்குக் கிடைக்கும் புள்ளியும் கூடிச் சென்றது. கண்ணாடி இழைக் கோல் புதிதாக வந்திருந்த வேளையில், அதைக் கொண்டு அவர் தாண்டிய 4.84 மீற்றர் அட்டவணையின் உச்சியையே தொட்டது.

1964 இல் புதிய அட்டவணை நடைமுறைக்கு வந்தது. மேல்மட்டத் திறனுக்குக் கிடைத்த அந்த மிகைப் புள்ளிகள் மறைந்தன. யாங்கின் 9121 ஒரே நாளில் 8089 ஆகச் சுருங்கியது. அப்போதும் உலக சாதனை அவருடையதே. ஆனால் ஏனையோரைவிட அவருக்கிருந்த பெரும் இடைவெளி போய்விட்டது. அவ்வாண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் ஐந்தாம் இடத்தையே பெற்றார். 1985 இல் அட்டவணை மறுபடியும் மாற்றப்பட்டது.

அட்டவணை மாறியதில் சூழ்ச்சி ஏதும் இருந்ததாக நாம் கூறவில்லை. பொருந்தாத அளவுகோலைத் திருத்தத்தான் வேண்டும். எனினும் அளவுகோல் மனிதர் வகுத்தது. தாண்டிய உயரம் மனிதர் உழைத்தது. சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் கோயில் வாசலில் கூடும் எமது குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. வயது, ஆங்கில அறிவு, கல்வி, தொழில் அனுபவம் என அவுஸ்திரேலியத் திறன்சார் குடிவரவும் புள்ளியிட்டே ஆளை அளக்கிறது. ஊரில் இருபது ஆண்டுகள் கற்பித்தவரின் பட்டம் இங்கு வேறோர் அட்டவணையில் வேறோர் எண்ணாகிறது. அந்த எண்ணைக் கண்டு தம் கல்வியையே குறைவாக எண்ணத் தொடங்கியவர்களை நாம் அறிவோம்.

யாங் அவ்வாறு எண்ணவில்லை. பின்னர் தாய்வானில் இளையோருக்குப் பயிற்சியளித்தார். அந்நாட்டின் சட்டமன்றத்திலும் அமர்ந்தார். 2007 சனவரியில் கலிபோர்னியாவில் காலமானார். அவருடைய புள்ளிகளை மூன்று அட்டவணைகள் மூன்று விதமாகக் கூட்டின. வால்நட்டில் அவர் தாண்டிய உயரம் மட்டும் எல்லாப் பதிவேடுகளிலும் 4.84 மீற்றராகவே இருக்கிறது.