ஐம்பொறிகளை ஆராய்ந்த ஹெல்ம்ஹோல்ற்ஸ்

கண்ணாற் கண்டதையும் காதாற் கேட்டதையும் அப்படியே நம்பிவிடாது தீர விசாரித்தல் வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழியொன்றின் கருத்து. அக்கண்ணையும் காதையுமே தீர விசாரித்த பேரறிஞர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் வாழ்ந்தார். அவரே ஹேர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ற்ஸ்.

1821ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் பொற்ஸ்டாம் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் அந்நகரில் ஓர் ஆசிரியர். மகனின் உள்ளம் பௌதிகத்தை நாடியது. ஆசிரியரின் வருவாயோ அதற்குப் போதவில்லை. எனவே, இராணுவ வைத்தியராக எட்டாண்டு சேவை செய்ய உடன்பட்டு, அரசினர் உதவியுடன் பேர்லினில் வைத்தியம் பயின்றார். 1841இல் கடுங்காய்ச்சலுற்றுப் படுக்கையிற் கிடந்தபோது, மாணவர் என்ற முறையில் இலவசமாகச் சிகிச்சை பெற்றார். அதனால் மிஞ்சிய சிறு தொகையைக்கொண்டு நுணுக்குக்காட்டி ஒன்றை வாங்கினார். அதன் துணைகொண்டே மறுவருடம் நரம்புகளைப் பற்றிய தமது பட்ட ஆய்வை முடித்தார்.

பேர்லினில் அவருக்கு வாய்த்த ஆசான் யொஹான்னஸ் முல்லர், உடற்றொழிலியலிற் பெரும்புகழ் படைத்தவர். நரம்பின்வழிச் செய்தி செல்லும் வேகத்தை அளத்தல் மனிதரால் இயலாதென்றே அவர் கருதியிருந்தார். 1849இல் கேனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகப் பேராசிரியராய் அமர்ந்த ஹெல்ம்ஹோல்ற்ஸ் அதற்கு எளிய வழியொன்று கண்டார். தவளைக்காலின் தசையோடு கூடிய நரம்பை எடுத்து, தசைக்கு அண்மையில் ஒருமுறையும் தொலைவில் ஒருமுறையும் மின்னால் தூண்டினார். தொலைவிலே தூண்டியபோது தசை சற்றுப் பிந்திச் சுருங்கியது. அப்பிந்திய காலமே இடைப்பட்ட நரம்பைக் கடக்கச் சென்ற காலம் அன்றோ! மனைவியார் ஒல்கா அளவுகளைக் குறித்து உதவினார். 1850இல் விடை கிடைத்தது: செக்கனுக்கு ஏறக்குறைய 30 மீற்றர். ஒலியின் வேகத்திற் பத்திலொரு பங்குதானும் இல்லை. ஆகவே, சற்றுமுன் நிகழ்ந்ததையே நாம் இப்பொழுது நிகழ்வதாக உணர்கின்றோம். தத்துவப்பற்று மிக்க தந்தையாருக்கும் இம்முடிவை ஏற்பது எளிதாயிருக்கவில்லை. ஆசானின் கருத்தைத் திருத்தியவர் ஆசானை இகழ்ந்தாரல்லர். என்றும் போற்றியே வந்தார்.

அவ்வாண்டின் இறுதியில் மற்றொரு பேறு வாய்த்தது. மாணவருக்குப் பாடம் ஆயத்தஞ் செய்கையில், கண்மணி ஏன் கறுப்பாய்த் தோன்றுகின்றது என்பதில் அவர் மனம் நின்றது. கண்ணுட் புகுந்த ஒளி வந்த வழியே மீள்கின்றது. அவ்வழியில் நின்று பார்க்க முயல்வோரின் தலையே விளக்கொளியை மறைத்துவிடுகின்றது. எனவே, கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக அமைத்து, ஒளியை அவற்றிற் படச்செய்து கண்ணுட் செலுத்தி, அத்தகடுகளினூடே தாம் நோக்கினார். உயிருள்ள மனிதரின் விழித்திரை அவர்முன் விளங்கிற்று! கண்வைத்தியர் இன்றும் கையாளும் கருவிக்கு வித்து அதுவே.

1856 முதல் 1867 வரை கட்புலனைப் பற்றியும், 1863இல் செவிப்புலனையும் இசையையும் பற்றியும் பெருநூல்களை வெளியிட்டார். பொறிகள் உலகைப் படம்பிடித்துத் தருவனவல்ல, குறிகளையே தருகின்றன, அவற்றைப் பழக்கத்தால் வாசித்தறிவது மனமே என்பது அவர் கண்ட முடிவு. வாசிக்கின்றோம் என்பதை நாம் உணர்வதுமில்லை. மாணவர் தாமே சோதித்துப் பார்க்கலாம். கண்ணை மூடி, அதன் வெளிக்கோடியை விரலால் மிக மெல்ல அழுத்துக. ஒளிவட்டமொன்று மூக்கின் பக்கத்தே தோன்றும். அங்கு ஒளி ஏது? விழித்திரையின் வெளிப்புறத்தில் விழும் ஒளி மூக்கின் பக்கமிருந்தே வருவது வழக்கமாதலால், மனம் இப்பொழுதும் அவ்வாறே முடிவுசெய்துவிடுகின்றது.

1871இல் பேர்லினிற் பௌதிகப் பேராசிரியரானார். இளமையில் எட்டாத துறை ஐம்பதாவது வயதிற் கைகூடியது. 1894 செப்டெம்பர் 8ஆம் நாள் மறைந்தார்.

வகுப்பறையிலே, இது உன்னால் இயலாது என்று நாமும் சிலரிடம் கூறியதுண்டு. முல்லரின் மாணவரை நினைக்குந்தோறும் அச்சொல் நம் நாவில் தயங்குகின்றது. மாணவர்களே, ஆசிரியரை வணங்குங்கள். அவர் அளக்க முடியாதென்று விட்டதை அளந்தும் பாருங்கள்.