ஊமைத்துரையின் சிறைமீட்சி

தமையன் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின், தம்பி குமாரசாமியைக் கும்பினியார் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தனர். வாய்பேச இயலாமையால் ஊமைத்துரை என்று பெயர் பெற்ற அவ்வீரர், 1801 பிப்ரவரி 2-ல் தோழர் துணைகொண்டு தப்பினார். தப்பிய கைதி காடு புகுந்து தன்னுயிர் காப்பது உலக இயல்பு. அவரோ, இடித்தொழிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக்கே சென்றார். குடிகள் திரண்டனர், சின்னாட்களில் மண்கோட்டை மீண்டும் எழுந்தது.

உள்ளங்கையில் துரும்புகளைப் பகைவர் சேனையாக அடுக்கி, மறுகையால் வீசித் தள்ளுவார். அதுவே அவர்தம் போர்க்கட்டளை. மார்ச்சு 31-ல் வெள்ளையர் தாக்குதல் முறிந்தது. மே 24-ல் கர்னல் அக்னியூ கோட்டையைக் கைப்பற்றினார். குற்றுயிராய்க் கிடந்த துரையை ஒரு கிராமத்துத் தாய் துணியால் மூடி, வைசூரியில் மாண்ட தன் மகன் என்று கூறவே, தேடிவந்த எட்டயபுரத்தார் அஞ்சி ஓடினர்.

பின்னர் மருது சகோதரருடன் சேர்ந்து சிவகங்கைச் சீமையிற் பொருதார். அக்டோபரில் காளையார்கோயில் வீழ்ந்தது. பிடிபட்ட துரையை நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டனர். ஊரின் பெயரையும் அரசாங்கக் கணக்கினின்று அழித்தனர்.

1809-ல் வேலுத்தம்பி தளவாயின் ஆரல்வாய்மொழி அரணும் அதே கும்பினியிடம் வீழ்ந்தது. வீரம் இரு நாட்டிலும் குறைவில்லை. ஒரே காலத்தில் ஒன்றுபட்டு எழாமையே குறை. நாஞ்சில் நாட்டார் ஊமைத்துரையை அயலாராகக் கருதுதல் தகுமோ? கணக்கிற் பெயரை அழித்தோர் நெஞ்சில் அழிக்க வல்லரல்லர்.