வலியை முந்திய நர்ஸ்



நம்ம காஞ்சிபுரத்துக்குக் கோயிலும் பட்டும் தேடி மட்டுமா வெளியூரார் வருகிறார்கள்? காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கும் வருகிறார்கள். ராத்திரியில் நோயாளி வலியால் துடித்தால் நர்ஸ் என்ன செய்வார்? மருந்து கூடினால் ஆபத்து, குறைந்தால் சித்திரவதை! இந்தக் கேள்விக்கே வாழ்நாளைக் கொடுத்தவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார்.

1918-ல் இங்கிலாந்தில் வசதியான வீட்டில் பிறந்தார். இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஆக்ஸ்ஃபோர்டு படிப்பை நிறுத்திவிட்டு நர்ஸ் பயிற்சிக்குப் போனார். முதுகுவலி அந்த வேலையைப் பறித்தது. சோர்ந்தாரா? இல்லை! மருத்துவமனையிலேயே சமூகப் பணியாளர் ஆனார். 1948-ல் டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி புற்றுநோயால் இறந்தார். சாகப்போகிறவர்களுக்கு நிம்மதியான ஓர் இல்லம் வேணும் என்று இருவரும் பேசிய கனவுக்காக 500 பவுண்டு எழுதி வைத்துப் போனார்.

அப்போதெல்லாம் வலி தாங்காமல் நோயாளி கேட்டால்தான் பல வார்டுகளில் மார்ஃபின் கிடைக்கும். அடிமையாகிடுவார் என்ற பயம்! லண்டன் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனை நர்ஸ்களோ நாலு மணிக்கொரு தடவை, வலி திரும்பும் முன்பே கொடுத்தார்கள். அதைச் சிசிலி கண்ணால் பார்த்தார். ஃபியூஸ் போனபின் மாற்றுவது வேறு, போகாமல் காப்பது வேறு இல்லையா?

டாக்டருக்குப் படித்தால்தான் பேச்சு எடுபடும் என்று ஒரு சர்ஜன் சொன்னார். முப்பது வயசு தாண்டியபின் மருத்துவம் படித்து 1957-ல் டாக்டரானார். 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். வலி உடம்பில் மட்டுமில்லை, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாவற்றிலும் இருக்கிறது என்று உலகுக்குக் கற்பித்தார். 2005-ல் அதே இல்லத்தில் கண்மூடினார்.

நம் நாட்டில் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் கிடைப்பதே அரிதாச்சு. 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தி வழிவிட்டார்கள். ஆனால் சட்டம் திறந்த கதவை மனசு மூடிவிடக் கூடாதே!

டாக்டர் எழுதிய அளவை நர்ஸ் தானாகக் கூட்ட முடியாது. ஆனால் நோயாளி சொல்வதை நம்பலாம், நேரம் போட்டுக் குறித்து வைக்கலாம், நடுராத்திரியானாலும் டாக்டரை எழுப்பலாம். அந்த முடிவு அவர் கையில்தான் இருக்கிறது. சிசிலியிடம் நான் கற்ற பாடம் இதுவே. நாளைக்கு நம் வீட்டில் ஒருவர் வலிக்குது என்றால், நடிக்கிறார் என்று நினைக்காமல் முதலில் நம்புவோம் தோழர்களே!