இன்ஜினை எல்லை தாண்டி விரட்டினால் என்ன ஆகும்? கர்ட் டாங்க் கதை!

1940-ல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால், புதுச்சேரியோடு சேர்ந்து டி கோலின் ‘சுதந்திர பிரான்ஸ்’ பக்கம் நின்றது. அந்த அணியின் நார்மண்டி-நீமென் விமானிகள் ரஷ்ய வானில் மோதிய ஜெர்மன் விமானங்களில் ஒன்று ஃபோக்கே-வுல்ஃப் 190. அதை வடிவமைத்த கர்ட் டாங்க், பின்னாளில் நம்ம சென்னை குரோம்பேட்டையில் பாடம் நடத்தினார்!

யார் இவர்?

1898-ல் பிறந்தவர். முதல் உலகப்போரில் குதிரைப்படையில் இருந்தார். பந்தயக் குதிரை வேகமா ஓடும். ஆனா சேறு, பசி, காயம் தாங்காது. போர் விமானம் படைக்குதிரை மாதிரி இருக்கணும் என்பது அவர் கணக்கு. நாஜி அரசுக்காக உழைத்தவர் என்ற கறையும் அவர் மேல் உண்டு.

எல்லை தாண்டினால்?

போர் விமான இன்ஜினின் உச்ச சக்தியைச் சில நிமிடங்கள்தான் பயன்படுத்தலாம். அதற்கு மேல் விரட்டினால் சூடும் அழுத்தமும் எகிறி பிஸ்டன், வால்வு எல்லாம் பாழாகும். திரவத்தால் குளிரும் இன்ஜினில் ரேடியேட்டரை ஒரு குண்டு துளைத்தாலே கதை முடிந்தது. அதனால் டாங்க், காற்றால் குளிரும் 14 சிலிண்டர் பிஎம்டபிள்யூ 801-ஐத் தேர்ந்தெடுத்தார். அதிலும் சிக்கல் வந்தது. பின்வரிசை சிலிண்டர்களுக்குக் காற்று போதவில்லை. 1941-ல் சில விமானங்கள் தீப்பிடித்தன. எக்ஸாஸ்ட் குழாயின் பாதையை மாற்றி, சூடான காற்று வெளியேற வழி செய்த பிறகே நிலைமை சீரானது.

இந்தியாவில் என்ன நடந்தது?

போருக்குப் பின் அர்ஜென்டினா போனவர், 1956-ல் இந்தியா வந்தார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்போது படித்தவர்களில் ஒருவர் அப்துல் கலாம். பிறகு பெங்களூரு எச்.ஏ.எல்.லில் டாங்க் உருவாக்கிய ‘மாருத்’ ஜெட், 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்தது.

திட்டமிட்டது, சுமார் 3,700 கிலோ உந்துவிசை தரும் இன்ஜின். அதை உருவாக்கப் பணம் ஒதுக்கப்படவில்லை. கிடைத்தது, சுமார் 2,200 கிலோ தரும் ஆர்ஃபியஸ் 703. ஒலியை மிஞ்சிப் பறக்க வடிவமைத்த உடம்புக்கு, அந்த வேகத்தைத் தர முடியாத இன்ஜின்!

ஆனால் இன்ஜின் இரண்டு இருந்தது கைகொடுத்தது. 1971 போரில் தரையிலிருந்து சுடப்பட்டு ஒரு இன்ஜின் செத்த பிறகும், மற்றொன்றை நம்பி மாருத் விமானிகள் தளம் திரும்பினர்.

டாங்க் 1983-ல் இறந்தார். அவர் கேட்ட இன்ஜின் கடைசி வரை வரவே இல்லை. இன்றைய நம்ம தேஜஸ் பறப்பதும் அமெரிக்க இன்ஜினில்தான்.